கண்ணாடிக்குள் ஒரு தையல்காரி

பெருநாளைக்கு இன்னும் மூன்று கிழமை. நம்ம ஊர் தையல் ராத்தாமார் வீடுகளில் துணி குவியத் தொடங்கிவிட்டது. (இன்னும் குடுக்காதவங்க இன்றைக்கே குடுத்துடுங்க, கடைசிப் பத்தில் போய் நிற்காதீங்க.) இந்த நாட்களில் எனக்கு 1863இல் லண்டன் 'பஞ்ச்' சஞ்சிகையில் வந்த ஒரு படம் ஞாபகம் வரும்.

அதற்கு முதல், அந்தக் காலத்து ஃபெஷன் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடை போல விரிந்த பாவாடை, கைப்பிடிக்குள் அடங்கும் இடுப்பு. போனில் பார்த்துவிட்டு, "டீச்சர், அவங்களுக்கு உண்மையிலேயே இவ்வளவுதான் இடுப்பா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை மகள். அது ஓவியர் வரைந்த இடுப்பு. இன்று ஃபில்டர் செய்கிற வேலையை அன்று பென்சில் செய்தது.

'இங்கிலிஷ்வுமன்ஸ் டொமெஸ்டிக் மெகசின்' என்ற சஞ்சிகையை 1852இல் சாமுவேல் பீற்றன் தொடங்கினார். விலை 2 பென்ஸ். 1860இல் அவரும் மனைவி இஸபெல்லாவும் பாரிஸ் போய், ஜூல்ஸ் டேவிட் வரைந்த நிறப் படங்களுக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்தார்கள். விலை 6 பென்ஸ் ஆனது. நிறம் என்றால் அச்சு நிறம் இல்லை. கறுப்பில் அச்சடித்த ஒவ்வொரு தாளுக்கும் பெண்கள் உட்கார்ந்து தூரிகையால் நிறம் தீட்டினார்கள். படத்தோடு, வீட்டிலேயே வெட்டித் தைக்கக் கடதாசி அளவுகளும் கிடைத்தன. எனக்குப் பிடித்தது அதுதான். படத்தைப் பார்த்து ஏங்கிக்கொண்டு இருக்காமல், மெஷினில் உட்கார்ந்து தானே தைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பணக்கார வீட்டுப் பெண்கள் தைப்பதில்லை, கடைக்குக் குடுப்பார்கள். 1863 ஜூனில், புதிதாக வந்த வேல்ஸ் இளவரசிக்கான நடன விருந்துக்கு உடுப்புகள் அவசரமாகத் தேவைப்பட்டன. ரீஜன்ட் வீதியில் மேடம் எலீஸ் கடையில் மேரி ஆன் வோக்லி என்ற 20 வயதுப் பிள்ளை, மற்ற 60 பெண்களோடு, ஓர் அறைக்கு 30 பேராக, இருபத்தாறரை மணித்தியாலம் இடைவிடாமல் தைத்தாள். வெள்ளிக்கிழமை படுத்தவள் ஞாயிற்றுக்கிழமை மௌத்தாகிவிட்டாள். அளவுக்கு மீறிய வேலை, காற்றில்லாத அறை என்று வைத்தியர் சொன்னார்.

ஜூலை 4இல் அந்தப் படம் வந்தது. வரைந்தவர் ஜோன் டெனியல். இரண்டு வருடம் கழித்து 'ஆலிஸ்' கதைக்குப் படம் வரைந்தவரும் இவர்தான். ஒரு சீமாட்டி புது உடுப்போடு நிலைக்கண்ணாடி முன்னால் நிற்கிறாள். பார்ப்பதற்கு எந்த ஃபெஷன் படத்திலும் உள்ள அதே உடுப்பு, அதே நிற்கை. கண்ணாடிக்குள் மட்டும் அவள் உருவம் இல்லை. தைத்தவள் சரிந்து கிடக்கிறாள். அந்த நூற்றாண்டில் வந்த ஆயிரக்கணக்கான உடுப்புப் படங்களில் தைத்தவளைக் காட்டிய படங்கள் எத்தனை இருக்கும்?

நான்கு வருடம் கழித்து கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் மேரி ஆனின் பெயரை எழுதினார். ஆனால் விஷயத்தை முதலில் வெளியே கொண்டுவந்தது அவளோடு வேலை செய்த ஒருத்தி. 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். பெயர் போடவில்லை. 'களைத்துப்போன தையல்காரி' என்று மட்டும் கீழே இருந்தது.