தோட்டத்து மண்ணிலேயே ஒரு வீடு

புதுக்கோட்டைப் பக்கம், செம்மண் பூமியில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் அது. கடலை, கொஞ்சம் காய்கறி, நான்கு மாடுகள். மாட்டுக்கும் மோட்டாருக்கும் காவலாகத் தோட்டத்திலேயே தங்கியாக வேண்டும். தங்கியது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கொட்டகையில். சித்திரை மாதம் காலை பதினொரு மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியாது. இரவு பத்து மணிக்கும் அனல் இறங்காது. வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம் வேறு.

திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், "லோன் போட்டு கான்கிரீட் வீடாவே கட்டிடலாம்ப்பா" என்றான். அப்பாவுக்குக் கடன் என்றாலே பயம். கிணற்றை ஆழப்படுத்த வாங்கிய கடனை அடைக்க ஏழு வருடம் ஆனது. "மண்கல்லுல கட்டிக்குவோம்" என்றார். அவர் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

"மண்ணு செவுத்துக்குள்ள வளந்தவ நான். மழை பெஞ்சா செவுரு விழுந்துருமோன்னு முழிச்சுக் கெடந்தது எனக்குத்தான் தெரியும். நாளைக்கு மகளைப் பொண்ணு பாக்க வர்றவுக என்ன நெனைப்பாக?"

இந்தக் கேள்வியை லேசில் தள்ளிவிட முடியாது. நகரத்தில் இருப்பவர்கள் ஆசையாக 'இயற்கை வீடு' என்பது, கிராமத்தில் பல பேருக்கு வறுமையின் நினைவு.

பேச்சை மாற்றியது கேரளத்தில் சில வருடம் வேலை செய்து திரும்பிய ஒரு கொத்தனார். லாரி பேக்கர் பாணி வீடுகளை அங்கே பார்த்தவர். இங்கிலாந்தில் 1917-ல் பிறந்த கட்டடக் கலைஞர் பேக்கர். 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். சாதாரண மக்களுக்குச் செலவு குறைந்த வீடுகள் கட்டியவர். வீட்டுக்கான பொருள் ஐந்து மைல் தூரத்துக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னதை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

கொத்தனார் அந்த அம்மாவுக்கு விளக்கியது இதுதான்: பழைய மண்சுவர் வேறு, அழுத்திய மண்கல் வேறு. மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, கைப்பிடி இயந்திரத்தில் அழுத்தி எடுப்பது. சூளை கிடையாது, விறகு கிடையாது. ஆனால் நான்கு வாரம் ஈரம் காயாமல் மூடி வைக்க வேண்டும். அங்கே அவசரப்பட்டால் கல் நிற்காது.

எந்த மண் என்பதில்தான் முதல் சறுக்கல். சும்மா கிடைக்கிறதே என்று கண்மாய்க் களிமண்ணை அள்ளி வந்து ஐம்பது கல் போட்டார்கள். காய்ந்ததும் எல்லாம் வெடித்தன. களி அதிகமானால் சுருங்கும். ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வைத்தாலே தெரிந்திருக்கும். மணல் உடனே அடியில் தங்கும். களி மேலே படிய ஒரு நாள் ஆகும். பாதிக்குக் குறையாமல் மணலும் சரளையும் இருந்து, களி ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் நல்ல கல் வரும். அவர்கள் தோட்டத்து அடிமண்ணே அதற்கு ஏறக்குறைய சரியாக இருந்தது.

மேல்மண் ஒன்றரை அடியை மட்டும் தனியாக வழித்துக் கடலை வயலில் பரப்பினார்கள். மக்கு நிறைந்த மேல்மண் சுவருக்கு ஆகாது, பயிருக்குத்தான் ஆகும். அதற்குக் கீழே பத்துக்குப் பத்து அடியில், ஆறடி ஆழத்துக்கு எடுத்த மண்ணே ஒரு பெரிய அறைக்கும் சமையலறைக்கும் போதுமாக இருந்தது. அந்தக் குழி இப்போது கூரைத் தண்ணீருக்கு. 500 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 460 லிட்டர் விழும். கன்றுக்குட்டி விழுந்துவிடாமல் சுற்றி முள்வேலி போட்டிருக்கிறார்கள்.

நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன, ஜன்னல்கள் எதிரெதிரே. மேற்கில் ஜன்னல் இல்லை, வெளியே இரண்டு புங்கன்கள் மட்டும். இடித்த பழைய வீட்டிலிருந்து வாங்கிய பனங்கைகள் மேல் ஓடு. கரையானுக்காகக் கருங்கல் பேஸ்மட்டத்தை இரண்டடி உயர்த்தினார்கள். குளியல் தண்ணீர் வாழைக்குப் போகிறது. விறகைச் சுவரோரம் அடுக்கக் கூடாது என்பது அந்த அம்மாவின் சட்டம். அதில் எலி சேரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

செலவு கைமீறியபோது தாழ்வாரத்தை இரண்டரை அடியிலிருந்து ஒன்றரை அடியாகக் குறைத்தார் வீட்டுக்காரர். குறைக்கக் கூடாத இடம் அது. ஐப்பசிச் சாரலில் வடக்குச் சுவர் ஊறி, கீழ் இரண்டு வரிசைக் கல் பொரிந்தது. அன்று இரவு அந்த அம்மா தூங்கவில்லை. சுவர் விழவில்லை, ஆனால் விடிந்ததும், "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குப் போனாராம்.

வாசல் பக்கச் சுவருக்கு மட்டும் சிமெண்ட் பூசி வெள்ளையடிக்கச் சொன்னவரும் அவர்தான். கட்டுமானக் கணக்கில் அது வீண் செலவு. பெண் பார்க்க வருபவர்கள் திண்ணையில் உட்காரும் வீட்டில் அப்படிக் கணக்குப் பார்க்க முடியாது. உள்ளே செம்மண் கல் பூசாமலே இருக்கிறது. சித்திரை மதியத்தில் அந்தச் சுவரோரம் பாய் விரித்துப் படுப்பதும் அவரேதான்.

வடக்குப் பக்கம் தென்னங்கீற்றில் இரண்டடிச் சாய்ப்பு இறக்க வேண்டிய வேலை மட்டும் பாக்கி. கீற்று முடைந்து வைத்தாயிற்று. கடலை அறுவடை முடிந்ததும், ஐப்பசிக்குள் ஏற்றிவிட வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர்.