மஞ்சள் கேன் தெரியாமல் எடு

மார்ச் 13, 2022

பெற்றோல் லீற்றர் 177 ரூபாவிலிருந்து 254 ஆகிவிட்டது. வெள்ளவத்தை முழுக்க அதே பேச்சு. இந்த நேரம் பார்த்து டிரெக்டர் போன் எடுத்து, படம் தொடங்கப்போகிறேன் என்கிறான்.

டிரெக்டர் என்பது பட்டப்பெயர். கொட்டாஞ்சேனையில் கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ எடுத்துப் பிழைப்பவன். அதில் மிச்சம் பிடிக்கிற காசில் இடைக்கிடை ஒரு குறும்படம். நடிப்பவர்களுக்குச் சம்பளம் இல்லை, சோற்றுப் பார்சல் உண்டு. எனக்கு நடிப்பும் வராது, லென்ஸும் விளங்காது. கையை உயர்த்தியபடி அசையாமல் நிற்க முடியும் என்பதால் பூம் மைக் என் பொறுப்பில். பெயின்ட் ரோலர் மாட்டுகிற நீட்டுத் தடியில் மைக்கைக் கட்டியிருக்கிறோம். வெயிலைத் திருப்ப ஒரு ரெஜிபோம் மட்டை. முழு ஸ்டூடியோவும் ஒரு ஓட்டோவுக்குள் அடங்கும்.

இந்த முறை கதை 1975இல் நடக்கிறதாம். ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவில் லைட் தூக்கும் ஒரு பெடியன், விடியப்புறம் பாண் கியூவில் நின்றுவிட்டு ஷூட்டிங்குக்குப் போகிறவன்.

"75க்கு செட் போடக் காசுக்கு எங்க போவாய்?" என்று கேட்டேன்.

"தோட்டத்துக்குள்ள எடுப்போம் மச்சான். டிஷ் அன்டெனாவ மறைச்சாப் போதும், மிச்சமெல்லாம் 75தான்."

தோட்டம் என்றால் அவன் இருக்கிற நெருக்கமான வீட்டு வரிசை.

மார்ச் 20

கொட்டாஞ்சேனைக்குப் போனேன். 155 பஸ் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது மிதிபலகையில் கால் வைக்கவும் இடமில்லை.

அவன் மேசையில் தம்பிஐயா தேவதாஸின் 'இலங்கைத் தமிழ் சினிமாவின் கதை', பக்கங்கள் கழன்று கிடந்தது. அதை வைத்துக்கொண்டு பின்னேரம் முழுக்கக் கதைத்தோம். 1962இல் 'சமுதாயம்'. 16 மில்லிமீற்றரில் அதை எடுத்தவர் ஹென்றி சந்திரவன்ச என்ற சிங்களவர். அடுத்த ஆண்டு 'தோட்டக்காரி'. 1972இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. படம் இறக்குமதி அரசின் கைக்குப் போனது. அந்நியச் செலாவணியும் இல்லை. இந்தியப் படங்கள் குறைந்த அந்த இடைவெளியில்தான் நம்மவர்கள் துணிந்தார்கள். 75இல் வி.பி. கணேசனின் 'புதிய காற்று'. 76இல் வானொலி நாடகக் குரல்களைத் திரைக்குக் கொண்டுவந்த 'கோமாளிகள்'. 77இல் 'பொன்மணி'. 78இல் மட்டும் 'வாடைக்காற்று', 'நான் உங்கள் தோழன்', 'ஏமாளிகள்', 'தெய்வம் தந்த வீடு' என்று வரிசையாக. பாணுக்கும் அரிசிக்கும் நின்ற சனம்தான் தியேட்டர் வாசலிலும் நின்றது. பொருளாதாரம் திறந்த பிறகு இந்த வரிசை மெல்ல மெல்லத் தேய்ந்தது. 83 ஜூலைக் கலவரத்தில் விஜயா ஸ்டூடியோ எரிந்தது, நெகடிவ்களோடு.

என் கணக்கில் 'கோமாளிகள்' கமராவுக்கு முன்னால் வைத்த ரேடியோ நாடகம். 'பொன்மணி'தான் படம். யாழ்ப்பாண வளாகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த தர்மசேன பத்திராஜ எடுத்தது. தமிழ்ச் சனம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. டிரெக்டருக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. "கோமாளிகளுக்குச் சனம் வந்திச்சே மச்சான். அது லேசா?" என்றான். லேசில்லைதான்.

மார்ச் 31

இன்று 13 மணித்தியால மின்வெட்டு. டிரெக்டருக்கு அப்படியொரு சந்தோஷம்.

லைட் பெடியன் தியேட்டரில் தான் வேலை செய்த படத்தைப் பார்க்கிற காட்சி. அவன் மனதில் இருந்தது கொட்டாஞ்சேனை செல்லமஹால். செல்லமஹாலுக்கு இன்று எங்கே போவது? ஆகவே திரையைக் காட்டாமல் முகங்களை மட்டும் எடுப்பது என்று முடிவு. மேசை விசிறியின் கூண்டைக் கழற்றிப் பின்னால் டோர்ச் ஒன்றைப் பிடித்தோம். கரண்ட் இல்லாததால் இறக்கையை நான் கையால் சுற்ற, பூம் தடியை அலுமாரியில் சாத்தி வைத்தோம். முகங்களில் ஒளி விட்டுவிட்டு ஓடியது. வாங்கில் இருந்த தோட்டத்துப் பிள்ளைகள் நாலு பேருக்கும் அடக்க முடியாத சிரிப்பு. படம் பகிடிப் படமாக்கும் என்று டிரெக்டர் சமாளித்தான்.

"காசு குடுத்தாலும் இந்த இருட்டுக் கிடைக்காது மச்சான்."

உண்மை. எங்கள் வெள்ளவத்தை மாடிவீட்டில் கரண்ட் போன அடுத்த நிமிடம் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். காலி வீதிக் கடைகளும் அப்படியே. இருட்டும் இல்லை, சத்தமும் ஓயாது. இந்தத் தோட்டத்தில் யாரிடமும் ஜெனரேட்டர் இல்லை. ரெக்கோர்டரில் இவ்வளவு சுத்தமான சத்தம் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை விசிறியில்லாமல் அழுதது தவிர. அதுவும் 75க்குப் பொருந்தும் என்று வைத்துக்கொண்டான்.

பட்டரிகளைச் சார்ஜ் போட நான் வெள்ளவத்தைக்குக் கொண்டுவர வேண்டும். திரும்பும்போது மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டுக்கு முன்னால் சனம் கூடிவிட்டது என்று பஸ்ஸில் ஆளாளுக்குப் போனைக் காட்டினார்கள்.

ஏப்ரல் 3

ஊரடங்கு. பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் தடை. டிரெக்டர் சாதாரணக் கோலில் கூப்பிட்டு, கண்ணாடி போத்தலில் மண்ணெண்ணெய் விற்ற காலத்து மூடி எப்படி இருக்கும் என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னான்.

மே 9

காலிமுகத்திடலில் போராட்டக்காரரை அடித்துவிட்டார்கள். மறுபடி ஊரடங்கு. ஒன்றும் எழுத வரவில்லை.

ஜூன் 18

மண்ணெண்ணெய்க் கியூ. விடிய நாலரைக்கே போய்விட்டோம்.

பாண் கியூ காட்சிக்கு ஆட்களைத் திரட்ட வக்கில்லை. ஆனால் கொட்டாஞ்சேனையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கியூ நிற்கிறது. தூரத்தில் வைத்து, சேலைத் தலைப்பு, கால், தோள் என்று எடுத்தால் 75ஆகக் காட்டலாம் என்பது அவன் திட்டம். கேன்களைக் கயிற்றில் கோர்த்து மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், கேன்கள் இடம் பிடித்து நிற்கின்றன. பெரும்பாலும் மஞ்சள். சில நீலம்.

"மஞ்சள் கேன் தெரியாம எடுக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லியபடி கமராவோடு குனிந்தும் நிமிர்ந்தும் அலைந்தான். நான் தடியைத் தூக்கிக்கொண்டு பின்னால். முகத்துவாரத்து மீன்பிடிக்காரர் சிலர் படகு எஞ்சினுக்கு எண்ணெய் வேண்டி இரவே வந்து படுத்திருந்தார்கள். ஒருவர் கமராவைக் கண்டதும் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார். இன்னொருவர் எங்களை யூடியூப்காரர் என்று நினைத்து விலைவாசி பற்றிப் பேசத் தொடங்கி, டிரெக்டர் லென்ஸைத் திருப்பிவிட்டதைக் கவனிக்காமல் நெடுநேரம் பேசினார். நான் மட்டும் பதிவு செய்துகொண்டிருந்தேன்.

வரிசையில் நின்ற ஒரு அக்கா, நாற்பத்தைந்து வயதிருக்கும், என்னிடம் கேட்டார்.

"தம்பி, இத எந்த டிவியில போடுவீங்க?"

"டிவி இல்ல அக்கா. படம். 1975ல நடக்கிற கதை."

"75ஆ?"

"ஓம். அப்ப பாண் கியூ இருந்ததெல்லோ."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப நாங்க இப்ப நிக்கிறது?"

என்ன சொல்வதென்று தெரியாமல், இதுவும் வரும் அக்கா என்றேன். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. தன் கேனைக் காட்டி, "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க, பிள்ளைக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்திட்டு வாறன்" என்று போய்விட்டார். கேனுக்குக் காவலாக அந்த இடத்தில் நின்றேன். டிரெக்டர் அடுத்த ஷொட்டுக்குக் கூப்பிட்டும் போக ஏலாமல் போய்விட்டது. தடியைக் கையில் வைத்துக்கொண்டே கியூவில் இரண்டு அடி முன்னேறினேன்.

பவுசர் பன்னிரண்டு மணிக்கும் வரவில்லை.

ஜூன் 20

அம்மாவுக்கு லப்டொப்பில் போட்டுக் காட்டினேன். டிரெக்டரும் வந்திருந்தான். அவனுக்கு அம்மாவின் தோசை மேல் எப்போதும் ஒரு கண்.

அம்மா இரண்டு நிமிடம் பார்த்தார். "தம்பி, எங்கட காலத்தில பிளாஸ்டிக் கேன் எங்க இருந்தது? போத்தலும் தகரமும்தான்."

"தூரத்திலதான் தெரியுது அன்ரி."

"தெரியுதுதானே."

பிறகு அவர் நிறுத்தவில்லை. கூப்பன் புத்தகம், மரவள்ளிக்கிழங்கு, ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோக விடாத பொலிஸ் தடை. தாத்தா ரயிலில் கொண்டுவந்த அரிசியைத் தலையணைக்குள் தைத்து எடுத்து வந்தாராம். வடக்கில் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போனதால் ஊரில் சிலர் அந்தக் காலத்தில்தான் கல்வீடு கட்டினார்களாம். இதையெல்லாம் எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. டிரெக்டர் தோசையைச் சாப்பிட்டபடி தலையணையைக் குறித்துக்கொண்டான்.

ஜூன் 29

அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள். ஷூட்டிங் எந்த வகைக்குள் வரும் என்று டிரெக்டர் பகிடி விட்டான். நான் சிரிக்கவில்லை. அலுவலகம் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்கிறது. கரண்ட் இருக்கும்போது கணக்கு, இல்லாதபோது பயம். ஒரு பார்சலின் காசில் முன்பு மூன்று பார்சல் வாங்கியிருக்கிறேன். நாற்பது நிமிடப் படத்துக்காக இந்தக் காசைச் செலவழிப்பது சரியா என்று கேட்டேன். "சரியில்லதான்" என்றான். அதற்குமேல் சண்டை பிடிக்க வழியில்லை.

லைட் பெடியனாக நடிப்பவன் பத்தரமுல்லையில் பாஸ்போர்ட் கியூவில் நிற்கிறானாம். ஜம்பட்டா வீதியில் போன் திருத்துகிறவன். அழகான பிள்ளை, கமராவுக்கு முன்னால் கையை என்ன செய்வதென்று தெரியாத கூச்சம். அந்தக் கூச்சம்தான் படத்துக்குப் பொருத்தம்.

ஜூலை 9

ரயிலிலும் லொறியிலும் நடந்தும் சனம் வந்தது. ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்துவிட்டார்கள். நீச்சல் குளத்தில் குளிக்கிறார்கள்.

இரவு டிரெக்டரிடம் கமராவோடு போனாயா என்றேன்.

"போனேன். கமரா கொண்டுபோகல்ல."

"விசரா உனக்கு?"

"அங்க நிண்ட எல்லார்ட கையிலயும் போன் இருந்திச்சு மச்சான். நான் எடுக்காட்டி ஒண்டும் குறையாது. 75ஐ யார் எடுப்பா?"

எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஒரு நாட்டில் ஒருமுறை நடப்பதை ஒரு கமராக்காரன் வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

ஜூலை 24

அம்மாவிடம் விஜயா ஸ்டூடியோ எரிந்தது அப்போது தெரியுமா என்று கேட்டேன். இதே கிழமைதான், 39 வருடம். "நாங்கள் முகாமில, பிறகு கப்பல் ஏறிக் காங்கேசன்துறை. படம் எரிஞ்சதுக்கு ஆர் அழுதது?" என்றார்.

ஆகஸ்ட் 22

மண்ணெண்ணெய் 87இலிருந்து 340. எங்கள் கியூ ஷொட் இன்றோடு பழைய காலத்துப் படமாகிவிட்டது என்று டிரெக்டருக்கு மெசேஜ் போட்டேன். பதில் இல்லை.

பதில் பிறகு வந்தது. பெடியனுக்கு விசா வந்துவிட்டது. கட்டார். இரண்டு காட்சி பாக்கி.

ஆகஸ்ட் 27

இரண்டு காட்சியையும் முதுகுப் பக்கமாக எடுத்தோம். முதுகு என்னுடையது. பெடியனுக்கு இருபத்துமூன்று வயது, எனக்கு நாற்பத்தொன்று. சேர்ட்டைத் தளர்த்தி, ரெஜிபோம் மட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். "கொஞ்சம் நிமிர்ந்து நட மச்சான், நீ உலகம் தெரியாதவன்" என்று கத்தினான்.

ஒக்டோபர் 3

தர்ஷன் தர்மராஜ் நேற்று இறந்துவிட்டார். 41 வயது. மாரடைப்பு.

றக்குவானையிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை. அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' பார்த்த இரவு நானும் டிரெக்டரும் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வந்தோம். அந்த முகத்தில் சொல்லாமல் வைத்திருந்த கோபத்தைப் பற்றித்தான் வழி முழுக்கக் கதை. சிங்களப் படங்களில் அவ்வளவு நடித்தார். தமிழில் நடிக்க நம்மிடம் எத்தனை படம் இருந்தது? ஸ்டூடியோ முதலாளியாக ஒருநாள் வந்து நடிக்கச் சொல்லி அவரிடம் கேட்க வேண்டும் என்று டிரெக்டர் மார்ச்சிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். கேட்கக் கூச்சம். சோற்றுப் பார்சலுக்கு எப்படிக் கூப்பிடுவது என்பான்.

இன்று அவன் போனைத் தூக்கவில்லை.

நவம்பர் 20

பெடியன் டோஹாவில் பாதுகாப்பு வேலை. உலகக் கிண்ணம் இன்று தொடங்குகிறது. டப்பிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். அறையில் எட்டுப் பேர், ஏசி சத்தம். போர்வைக்குள் புகுந்து பேசியிருக்கிறான். வசனம், "முதலாளி, லைட்ட எங்க வைக்க?" குரல் இப்போது முதலாளியின் குரல் மாதிரி இருக்கிறது. கையை என்ன செய்வதென்று தெரியாத பிள்ளையின் குரல் போய்விட்டது. இறுதிப் போட்டி முடியும்வரை அவனுக்கு லீவும் இல்லை.

நவம்பர் 27

எடிட்டில் கியூவை வெட்டிவிட்டான். முழுவதும்.

"கேன் தெரியுது மச்சான். அன்ரி சொன்னது சரி."

தெரியட்டும், பார்க்கிறவன் குழம்பட்டும் என்றேன். அந்த அக்காவுக்கு வருவீர்கள் என்று சொல்லியிருக்கிறேன் என்றேன்.

"இது கல்யாண வீடியோ இல்ல, எல்லாரையும் காட்டுறதுக்கு."

"இந்த ஊரில சனத்தை ஒழுங்காக் காட்டினது உன்ட கல்யாண வீடியோ மட்டும்தான்" என்றேன். அவனுக்குச் சுட்டுவிட்டது. பிளேன்டீ கூடத் தரவில்லை.

வெட்டியதை எனக்கு முழுதாகத் தா என்றால், ஹார்ட் டிஸ்க் கொண்டுவா என்கிறான். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் விலை கேட்டேன். டொலர் 360ஐத் தாண்டி நிற்கும்போது கேட்கிற விலையல்ல அது. சம்பளம் வரட்டும் என்று வந்துவிட்டேன். அதுவரை அழிக்கமாட்டேன் என்றிருக்கிறான். ஆனால் நாலாம் திகதி ஒரு சாமத்திய வீடு இருக்கிறதாம், டிஸ்க்கில் இடம் போதாதாம்.