மலைவீதியில் நடந்து செல்வோர்

அட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பெருவீதியில் கொட்டகலையைத் தாண்டியதும், பயணிகளின் கண்கள் பள்ளத்தாக்கின் பக்கமே திரும்பிவிடுகின்றன. டெவன் அருவியும் சென்கிளேயர் அருவியும் தோன்றும் வளைவுகள் அவை. வாகனம் செலுத்துவோரும் ஒரு கணம் அருவியைப் பார்த்துவிடுகின்றனர். அவர்களைக் குறை கூறவும் மனம் வருவதில்லை, அழகு அத்தகையது. நாமோ வீதியின் ஓரத்தையே பார்க்கப் பழகிவிட்டோம். பல இடங்களில் நடைபாதை இல்லை. ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் சரிவு. கிடைத்த சிறு இடத்தில், கொழுந்து சுமந்து மடுவத்துக்குச் செல்லும் பெண்களும் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராக நடக்கின்றனர். மூடுபனி இறங்கிவிட்டாலோ, பத்தடிக்கு அப்பால் எவரும் தெரியார்.

இங்கே வாகனமொன்று ஒருவரை மோதிவிட்டால் பொறுப்பாளி யார்?

கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கத் தண்டச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு இடந்தருகிறது. நீதவான் நீதிமன்றத்தில் சாரதி தண்டப்பணம் செலுத்தியதும் காரியம் முடிந்ததென்றே லயத்துக் குடும்பங்கள் பல எண்ணிவிடுகின்றன. அவ்வாறன்று. தண்டப்பணம் அரசாங்கத்துக்கு உரியது. குடும்பத்துக்குரிய நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வேறு வழக்குத் தொடுத்தல் வேண்டும், அதுவும் இரண்டு ஆண்டுகளுக்குள். துக்கத்திலும் செலவுக்கு அஞ்சியும் அவ்விரண்டு ஆண்டுகளைக் கழியவிடுவோர் உளர். சாரதி ஏழையாயிற்றே என்ற தயக்கமும் வேண்டியதில்லை. மூன்றாம் ஆளுக்கான காப்புறுதியை 1951 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது.

"பிள்ளைதானே குறுக்கே ஓடியது" என்று சொல்லிப் பெற்றோரின் வாயை அடைப்பவர்களும் உண்டு. நடந்தவர் பக்கம் தவறிருந்தாலும் நட்டஈடு குறையுமேயன்றி அற்றுப்போகாது. இது 1968 ஆம் ஆண்டுச் சட்டம். மாண்ட பிள்ளைக்காகப் பெற்றோர் படும் துயரத்தை நெடுங்காலம் நம் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை, பணநட்டத்தையே பார்த்தது. 2019 இல் இயற்றப்பட்ட சட்டமே அத்துயரத்துக்கும் நட்டஈடு கோர வழிசெய்தது.

எனினும் ஒரு முட்டுக்கட்டை நீங்கவில்லை. சாரதியின் கவனக்குறைவை வழக்காடுபவரே நிரூபிக்க வேண்டும். மூடுபனியில் சாட்சிக்கு எங்கே போவது? இவ்விதி ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டத்தின் வழி வந்தது. வேடிக்கை என்னவெனில், அந்த ஒல்லாந்திலேயே இன்று நிலைமை வேறு. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை மோட்டார் வாகனம் மோதினால், பிள்ளை வேண்டுமென்றே விழுந்ததென்பது போன்ற நிலையிலன்றி, முழு நட்டஈடும் வாகனக்காரர் பக்கமே சேரும். வளர்ந்தவர்க்கும், தவிர்க்கவே இயலாத நிகழ்வென்று காட்டினாலன்றிப் பாதிக்குக் குறையாமல் கிடைக்கும். பிரான்சும் 1985 இல் நடந்து செல்வோரைக் காக்கச் சட்டம் இயற்றியது.

நம் நாட்டிலும் அத்தகைய சட்டம் வேண்டுமென்பதே நம் கருத்து. அது வரும்வரை, தோட்டத்துப் படித்த இளைஞர் ஓர் உதவி செய்யலாம். விபத்து நடந்த அன்றே வாகன இலக்கத்தையும், காப்புறுதிக் கம்பனியின் பெயரையும், கண்டவர்களின் பெயர்களையும் எழுதி வைத்து, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு அந்தக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிடுக.