உறையும் மண்ணில் ஓடும் நீர்

மார்கழிப் புல்லின்மேல் நிற்கும் துளியையும் இமயத்தின் வெண்முடியையும் பனி என்னும் ஒரே சொல்லால் நாம் குறித்துவிடுகிறோம். வைகைக் கரையில் வாழ்பவனுக்கு அதற்குமேல் ஒரு சொல் தேவைப்படுவதில்லை. மதுரையில் தண்ணீருக்குப் பகை வெயில்தான். குளிரும் அதற்குப் பகையாகலாம் என்பதை நான் முதுமையில்தான் கண்ணாரக் கண்டேன்.

முப்பது ஆண்டுகள் குடிநீர்க் குழாய்களோடு உழைத்தவன் நான். மேல்நிலைத் தொட்டிகளிலிருந்து கிளைகிளையாய்ப் பிரியும் குழாய்கள் சில தெருக்களின் கோடியில், மேற்கொண்டு செல்ல வழியின்றி முட்டி நின்றுவிடும். அந்த முட்டில் நீர் தேங்கும், குளோரின் வலுவிழக்கும், துரு படியும். ஆகவே அங்குள்ள கழிவு வால்வைத் திறந்து, செந்நிறம் போய்த் தெளிவு வரும்வரை நீரை வேகமாக ஓடவிட வேண்டும். குடத்தோடு காத்திருக்கும் பெண்களின் கண்முன்னே தண்ணீரைச் சாக்கடைக்கு விடுவது எளிய பணியன்று. "குடிக்கவே இல்ல, கொட்டுறீங்களேய்யா!" என்பார்கள். வைகை அணை 1959இல் திறக்கப்பட்ட பிறகும், நாள்விட்டு நாள் நீர் வரும் தெருக்கள் நம் ஊரில் இருந்தன. அவர்களுக்கு நான் என்ன விடை சொல்ல முடியும்?

கனடாவின் வின்னிபெக் நகரில் செவிலியாகப் பணிபுரியும் என் மகளின் பேறுகாலத்திற்காக, 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நானும் என் மனைவியும் அங்கே சென்றோம். அந்நகரத்து முதியோரே வியந்த குளிர்காலம் அது. அங்கே குடிநீர்க் குழாய்களை ஆளுயரத்துக்கும் கீழே புதைக்கிறார்கள். மண்ணின் உறைவு அவ்வளவு ஆழம் எட்டாது என்பது கணக்கு. அவ்வாண்டு உறைவு அந்தக் கணக்கைத் தாண்டிச் சென்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் நீர் நின்றுபோயிற்று. வியப்பு என்னவெனில், மேலே காற்று இளகத் தொடங்கிய பின்னரும் மண்ணுக்குள் உறைவு கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருந்தது. மார்ச்சு மாதத்தில், பேரன் பிறந்து இருபது நாள் ஆன நிலையில், எங்கள் வீட்டுக் குழாயும் அடைத்துக்கொண்டது.

நீர் உறையும்போது பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. ஆனால் குழாய் வெடிப்பது பனிக்கட்டி அழுத்துவதால் மட்டுமன்று. பனிக்கட்டி அடைப்பாகி வளர வளர, அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையே சிக்கிய நீர் போக்கிடமின்றி நெருக்கப்படுகிறது. அந்த நெருக்கமே உலோகத்தைப் பிளக்கிறது. எனவேதான் ஆபத்துள்ள வீட்டார் ஒரு குழாயைப் பென்சில் பருமனில் இரவும் பகலும் ஓடவிட வேண்டுமென்று நகர நிருவாகம் அறிவுறுத்தியது. ஓடும் நீர் எளிதில் உறையாது; உறைந்தாலும் நெருக்கம் ஏறாது.

அடுத்த வீட்டில் உக்ரேனிய வம்சத்து மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்தார். அவர் வீட்டுக் குழாயிலிருந்து ஒரு ரப்பர்க் குழாயை இழுத்து எங்கள் வீட்டுக்கு இணைத்தார்கள். அது உறையாதிருக்க எங்கள் சமையலறைக் குழாய் ஓயாமல் திறந்தே கிடக்க வேண்டும். நள்ளிரவில் அந்த ஓசையைக் கேட்டு நான் எழுந்து உட்காருவேன். பிறர் வீட்டுத் தண்ணீர்; அதுவும் வீணே ஓடுகிறது! அரசரடியில் சொட்டும் தெருக்குழாயைக் கண்டால் மிதிவண்டியை நிறுத்தி இறங்கியவன் நான். என் முகத்தைப் பார்த்த மகள், "அப்பா, அதை மூடினால் பாட்டி வீட்டுக் குழாயும் சேர்ந்து போய்விடும்" என்றாள். உள்ளம் ஒப்பவில்லை, அறிவு ஒப்பியது.

பகலில் தெருமுனையிலிருந்த தீயணைப்பு நீர்க்குழாய் என்னை ஈர்த்தது. கோடைதோறும் அதைத் திறந்துதான் அங்கே குழாய்ப் பாதையைக் கழுவுகிறார்கள். நம் கழிவு வால்வுக்கு அது ஒன்றுவிட்ட உறவு எனலாம். மண்ணுக்கு மேலே தெரியும் இரும்புத் தூண் வெற்றுத் தூணே. வால்வு உறைவு எட்டாத ஆழத்தில் இருக்கிறது. நீண்ட தண்டு ஒன்று மேலிருந்து அதை இயக்குகிறது. மூடியதும் அடியில் ஒரு சிறு துளை திறந்து, தூணில் எஞ்சிய நீரைச் சுற்றிலும் இட்ட சரளைக்குள் வடித்துவிடும். நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் இடங்களில் துளை பயன்படாது. அதை அடைத்துவிட்டுக் கைப்பம்பால் இறைத்து வெறுமையாக்க வேண்டும். அரைகுறையாகத் திறப்பது மட்டும் கூடாது. அப்போது வடிதுளையும் முழுதாய் மூடாமல், அழுத்த நீர் அதன் வழியே பாய்ந்து அடிமண்ணையே அரித்துவிடும். தானே இயங்கி முட்டுக்குழாய்களைக் கழுவும் கருவிகளும் குளிர்நாடுகளில் இந்த முறையிலேயே அமைகின்றன: உயிர்நிலை ஆழத்தில், மேற்பகுதி வேலை முடிந்ததும் வெறுமை.

இந்த ஏற்பாடு இல்லாத வெப்பநாட்டில் குளிர் வந்தால்? 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அதுதான் நிகழ்ந்தது. நம்மைப்போல் வெயிலையே எண்ணிக் கட்டிய வீடுகள். கூரைக்கடியில் போர்வையின்றிச் சென்ற குழாய்கள் வெடித்தன. கோடிக்கு மேற்பட்டோர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்குமாறு அறிவிக்கப்பட்டனர். நம் நாட்டிலும் லடாக்கின் லே நகரில் குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்துபோக, லாரியில் நீர் வருவதுண்டு.

தானியேல் நூலில், எரியும் சூளைக்குள் நின்ற மூன்று இளைஞர்கள் உறைபனியையும் பனிக்கட்டியையும் ஆண்டவரைப் போற்ற அழைக்கிறார்கள். நெருப்பில் நிற்பவருக்குக் குளிர் நினைவு வருவது இயல்புதானே என்று மதுரையில் இருந்தவரை எண்ணியிருந்தேன். வின்னிபெக்கின் ஆலயத்தில், மேலங்கியைக் கழற்றாமலே அமர்ந்திருந்தபோது, குளிரைப் போற்றச் சொல்வது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை.

மூதாட்டி எங்களிடம் காசு எதுவும் வாங்கவில்லை. என் மனைவி சுட்ட முறுக்கை மட்டும் வாங்கிக்கொண்டார். பல்லுக்குக் கடினம் என்று தேநீரில் நனைத்துத் தின்றார்.

மே மாத இறுதியில் மண் இளகி எங்கள் குழாயில் நீர் வந்தது. முதலில் செந்நிறம். தெளியும்வரை ஓடவிட்டேன். குழந்தையைக் குளிப்பாட்டச் சட்டியோடு மகள் பின்னால் காத்து நின்றாள்.