கலயனாரின் மனையாளுக்கு ஒரு வணக்கம்

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் பிற்பகலில் மயிலையின் நான்கு மாட வீதிகளிலும் கால் வைக்க இடமிராது. அறுபத்துமூன்று நாயன்மார்களும் பல்லக்குகளில் அமர்ந்து, கபாலீசுவரப் பெருமானுடன் வலம் வரும் நாள் அது. ஐம்பதாண்டுகளுக்கு மேலாக இவ்விழாவைத் தரிசித்து வருகிறேன். குங்கிலியக்கலய நாயனாரின் திருவுருவம் கடந்து செல்லும்போது மட்டும் என் கைகள் இரண்டு முறை குவியும். அதன் காரணத்தை இந்த முதிய வயதிலாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

அந்த நாயனாரின் வரலாற்றை அன்பர்கள் அறிவீர்கள். திருக்கடவூரில் இறைவனுக்கு நாள்தோறும் குங்கிலியத் தூபம் இடுவது அவருடைய தொண்டு. வறுமை வந்து, இருந்தவற்றையெல்லாம் விற்று, குழந்தைகள் பசித்திருந்த நாளில், மனைவியார் தம் திருமாங்கல்யத்தைக் கழற்றிக் கொடுத்து, நெல் வாங்கி வரச் சொன்னார். வழியில் ஒரு வணிகன் குங்கிலியப் பொதியுடன் எதிரே வந்தான். தாலியைக் கொடுத்துப் பொதியைப் பெற்ற நாயனார் நேரே திருக்கோயிலுக்குச் சென்றுவிட்டார். பசியுடன் உறங்கிய அம்மையாரின் இல்லத்தை அன்றிரவு இறைவன் பொன்னாலும் நெல்லாலும் நிறைத்தருளினான்.

புதிதாக மணமாகி மயிலைக்கு வந்த காலத்தில் இக்கதையைக் கேட்டால் எனக்குக் கோபமே வரும். “பிள்ளைகள் பசித்திருக்கத் தாலியைக் கொடுத்துத் தூபம் வாங்கலாமா?” என்று என் கணவரிடம் கேட்பேன். அவர் தியாகராய நகரில் ஒரு சிறிய அச்சகத்தில் பிழை திருத்துபவர். எழுத்துகளோடு பழகியவர், அதிகம் பேசமாட்டார். “நீ அவரையே பார்க்கிறாய். கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்காத அந்த அம்மாளைப் பார்” என்று மட்டும் சொல்வார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

குளக்கரைக்கு அருகே ஒரு சந்தில் ஒண்டுக்குடித்தனம். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, ஐந்து குடும்பங்களுக்கு ஒரு கிணறு. இரண்டாவது குழந்தையின் பிரசவச் செலவுக்காக என் தாய் வீட்டுச் சீதனமாகிய இரண்டு பொன் வளையல்களும் அடகுக்கடைக்குப் போயின. அவற்றைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ஆயினும் கோயிலில் அம்பாளுக்கு வளையல் சாத்தியிருக்கும் நாட்களில் என் பார்வை என் வெறுங்கைகளின் மேல் விழுவதை அவர் கவனித்திருக்கிறார்.

அதன் பிறகு அவர் மாலையில் தாமதமாக வரத் தொடங்கினார். கேட்டால், “அச்சகத்தில் கூடுதல் வேலை” என்பார். அதே நாட்களில் அவருடைய செருப்புகள் விரைவாகத் தேய்ந்து வருவதை நான் கண்டேன். ஒரு குதிகாலில் தோல் முழுதும் போய், தரை தெரிந்தது. மழை நாளில் அவர் நடந்து வந்தால் நடையெங்கும் ஈரத்தடம். புதிது வாங்கச் சொன்னால், “இன்னும் ஆறு மாதம் வரும்” என்பார்.

நான் ஒரு வழி கண்டேன். திங்களும் வெள்ளியும் இரவு உணவில்லை, விரதம் என்றேன். மாலைக் காபியையும் சுவாமிக்கு விட்டுவிட்டதாகச் சொன்னேன். பாலிலும் காபிப் பொடியிலும் காய்கறியிலும் மிஞ்சிய சில்லறை கடுகு டப்பாவுக்குள் சேர்ந்தது. இறைவன் பெயரைச் சொல்லிக் கணவரிடம் பொய் கூறுகிறோமே என்ற உறுத்தல் மட்டும் நாள்தோறும் இருந்தது. சந்நிதியில் நிற்கும்போது அம்பாளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசினேன்.

1976ஆம் ஆண்டு, அறுபத்துமூவர் நாள். நல்ல வெயில். காலையிலேயே செருப்பு வாங்கி, பழைய புடவைத் துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குப் பின்னே மறைத்து வைத்தேன். பிற்பகலில் குழந்தைகளுடன் மாட வீதியில் நின்றபோது கண்கள் இருண்டன. விழித்தபோது வீட்டுத் திண்ணையில் இருந்தேன். அடுத்த குடித்தனத்து மாமி நீர்மோரைப் புகட்டிக்கொண்டே, எதிரே நின்ற என் கணவரிடம், “மாதக்கணக்காக இவள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, உமக்குத் தெரியுமா?” என்று கடிந்துகொண்டார்.

இனி மறைக்க இயலாது என்று செருப்பை எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். பின்னர் மெல்லத் தம் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே என் வளையல்கள். கூடுதல் வேலை என்று ஒன்றும் இருந்ததில்லை. பனகல் பூங்காவிலிருந்து தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை வழியாக மயிலை வரை ஓராண்டுக்கு மேல் நாள்தோறும் நடந்தே வந்திருக்கிறார். பேருந்துக் காசும் வெற்றிலைப் பாக்குக் காசும் வட்டிக்கும் அசலுக்கும் சிறுகச் சிறுகப் போயிருக்கின்றன. எந்தச் செருப்புக்காக நான் பட்டினி கிடந்தேனோ, அச்செருப்பு என் வளையலுக்காகவே தேய்ந்திருக்கிறது.

மகிழ்ச்சி உடனே வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, அவருக்குக் கோபம் வந்தது. “உன் பசியை விற்று எனக்குச் செருப்பா?” என்றார். “உங்கள் கால்களை விற்று எனக்கு வளையலா?” என்றேன். இருவருக்கும் விடை இல்லை. அப்போது வாத்திய ஒலி எங்கள் சந்து வரை கேட்டது. என்னைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றார். பல்லக்குகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. “கலயனார் வருகிறார்” என்று அவர் சொன்னபோது, பல நாள் விளங்காதது விளங்கியது. பொதியுடன் கணவர் வரவில்லையே என்று அவ்வம்மையார் கோயில் வாசலுக்குச் சென்று வழக்குரைக்கவில்லை. கொடுத்தபோதே அதைக் கொடுத்துவிட்டார்.

என் பொய் விரதத்தைப் பற்றி அன்றிரவு அவரிடம் சொல்லி வருந்தினேன். “பொய்யை நீக்க ஒரு வழிதான் உண்டு. வாரம் ஒரு நாள் அதை மெய்யாக்கிவிடு. மற்ற நாள் வயிறாரச் சாப்பிடு” என்றார். திங்கட்கிழமை இரவு உண்பதில்லை என்பது அன்றிலிருந்து மெய்யான விரதமாயிற்று. அவரும் திங்கட்கிழமை மட்டும் நடந்தே வருவேன் என்றார். அந்த இரண்டு மிச்சத்தையும் ஓர் உண்டியலில் இட்டு, ஆண்டுதோறும் அறுபத்துமூவர் நாளில் வீட்டு வாசலில் ஒரு பானை நீர்மோர் வைத்தோம். பின்னாளில் வசதி சற்றுக் கூடியபோதும் அந்தப் பானைக்கு வேறு பணம் சேர்த்ததில்லை.

அவர் சிவபதம் அடைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வளையல்கள் பேத்தியின் கைகளில் இருக்கின்றன. இரு வேளை மாத்திரை விழுங்குவதால் மருத்துவர் விரதம் வேண்டாம் என்கிறார். திங்கள் இரவு ஒரு குவளைப் பால் மட்டும் அருந்துகிறேன்.

அறுபத்துமூவருள் பெண்கள் மூவரே. கலயனாரின் மனையாளுக்கு அவ்வரிசையில் இடமில்லை. ஆதலின் கலயனார் கடந்து செல்லும்போது அவருக்கு ஒரு முறையும், பல்லக்கில் ஏறாத அந்த அம்மைக்கு ஒரு முறையும் கைகுவிக்கிறேன். அடுத்த பங்குனியில் மாட வீதிக்கு வரும் அன்பர்களும் அவரை ஒரு கணம் நினைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.