உறைந்த ஏரியும் உறங்கும் துளைப்பானும்

பனிக்கட்டி என்றதும் நம் நினைவில் எழுவது மீன் கூடையில் இடும் ஐஸ் துண்டுகளும், கோடையில் சர்பத்தில் மிதக்கும் ஐஸும்தாம். ஆனால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஓர் ஏரி முழுவதும் பனிக்கட்டியாக உறைந்து, அதன்மீது மனிதர் நடந்தும், வண்டி ஓட்டியும், மரத்தாலான சிறு குடில்களை இழுத்து வந்து நிறுத்தியும் மாதக்கணக்கில் மீன் பிடிக்கும் நாடும் இவ்வுலகில் உண்டு. அமெரிக்காவின் வடக்கெல்லையில், கனடாவை ஒட்டி அமைந்துள்ள மினசோட்டா மாநிலமே அது.

‘பத்தாயிரம் ஏரிகளின் நாடு’ என்று அம்மாநிலத்தார் தம் வாகனப் பலகைகளில் பொறித்துக்கொள்கின்றனர். அது மிகைக் கூற்றன்று. பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளை மட்டும் கணக்கிட்டாலே 11,842 உள்ளன. குளிரோ கடுமையானது. 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 2 அன்று, வடபகுதியிலுள்ள டவர் என்னும் சிற்றூருக்கு அருகில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 51 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. மாநில வரலாற்றில் பதிவான கடுங்குளிர் அதுவே.

அங்குள்ள பெரிய ஏரிகளுள் ஒன்று மில் லாக்ஸ். மினியாபொலிஸ் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பரப்பு சுமார் 1,32,000 ஏக்கர். ஆழமோ, மிக ஆழமான இடத்திலும் 42 அடிதான். கரையிலுள்ள காரிசன் என்னும் ஊரில் ‘வாலை’ என்ற மீனுக்கு மாபெரும் சிலையே வைத்திருக்கிறார்கள். அந்த மீனைத் தேடித்தான் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஏரியின்மீது குடியேறுகின்றனர்.

பனியின் கீழே ஓர் உலகம்

மேலே கல்லாக உறைந்த ஏரியில் மீன் எவ்வாறு உயிர் வாழ்கிறது? நீர் 4 டிகிரி செல்சியஸில் மிகுந்த அடர்த்தி அடைகிறது. அதனினும் குளிரும்போது விரிந்து இலேசாகிவிடுகிறது. ஆதலால் பனிக்கட்டி மேலே மிதக்க, சற்றே வெதுவெதுப்பான நீர் அடியில் தங்குகிறது. படைத்தவன் அமைத்த இந்த நியதி இல்லையேல், ஏரி அடியிலிருந்து உறைந்து மீனினமே அழிந்திருக்கும்.

அந்நிலத்தின் பூர்வ குடிகளான ஒஜிப்வே மக்கள், பனியில் துளையிட்டு, இருட்டுக் குடிலுக்குள் அமர்ந்து, ஈட்டியால் மீன் குத்தினர். இக்காலத்தில் துளையிடுவதற்கு ஆகர் எனப்படும் துளைப்பான் வந்துவிட்டது. நீண்ட இரும்புத் தண்டைச் சுற்றித் திருகுபோல வளைந்த தகடு. நுனியில் கூரிய அலகுகள். தலைப்பில் சிறியதொரு பெட்ரோல் எஞ்சின். கயிற்றை இழுத்து எஞ்சினை முடுக்கினால், இரண்டடிப் பனியையும் ஒரு நிமிடத்துக்குள் துளைத்து, எட்டங்குல அகலத்தில் ஒரு கிணறு தோண்டிவிடும்.

இந்தக் கருவியின் கதைதான் நம் கவனத்துக்குரியது. ஏனெனில், குளிர்காலத்தில் அது உழைப்பதும் உழைக்க மறுப்பதும் கோடையில் அதன் உடையவர் செய்த காரியத்தைப் பொறுத்தே அமைகின்றன.

மார்ச் மாதத்து மாலை

மார்ச் தொடக்கத்தில் மில் லாக்ஸ் கரையில் நிற்பவர் ஒரு பெரும் இடப்பெயர்ச்சியைக் காண்பார். பனியின்மீது இரவில் குடில்களை விட்டுவைக்கச் சட்டம் குறித்த கெடு நெருங்கிவிடும். வரிசை வரிசையாக வண்டிகள் குடில்களைக் கரைக்கு இழுத்து வரும். எல்லோரும் களைத்திருப்பர். வீடு திரும்பியதும் துளைப்பானை ஈரத்தோடும், எஞ்சியுள்ள பெட்ரோலோடும் வண்டிக் கொட்டகையின் மூலையில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அடுத்த டிசம்பரில் எஞ்சின் கிளம்பாமல் போவதற்கான விதை அந்த மாலையில்தான் விதைக்கப்படுகிறது.

பெட்ரோல் நெடுநாள் கெடாமல் இருக்கும் பொருளன்று. மாதங்கள் செல்லச் செல்ல அதன் இலேசான பகுதிகள் ஆவியாகிவிட, எஞ்சியது பிசின்போலக் கெட்டியாகிறது. எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டரில், ஊசிமுனையளவு நுண்துளைகள் உள்ளன. அந்தப் பிசின் அவற்றை அடைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, மினசோட்டாவில் விற்கும் சாதாரணப் பெட்ரோலில் பத்து விழுக்காடு அளவில் எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி, உலோகத்தை அரிக்கும். இதனாலேயே, சிறு எஞ்சின்களுக்கென எத்தனால் கலவாத பெட்ரோலைத் தனிக் குழாயில் விற்க அம்மாநிலச் சட்டம் இடமளித்திருக்கிறது. விவரமறிந்தோர் விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குகின்றனர்.

உறங்கவைக்கும் முறை

பொறுப்புள்ள உடையவர் என்ன செய்கிறார்? முதலில் ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிடுகிறார். அலகில் கை வைக்குமுன் செய்யவேண்டிய முதற் கடமை இது. தவறி எஞ்சின் சுழன்றால் விரல் மிஞ்சாது. பின்னர் தண்டையும் அலகுகளையும் துடைத்து, நன்கு உலரவிட்டு, மெல்லிய எண்ணெய் பூசி, அலகுகளுக்கு உறை மாட்டுகிறார்.

அடுத்தது எரிபொருள். பிளக் கம்பியை மீண்டும் மாட்டி, திறந்த வெளியில் வைத்து இதைச் செய்யவேண்டும். இரண்டு வழிகளுண்டு. தொட்டியிலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிஞ்சியது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுவது ஒன்று. புதிய பெட்ரோலில் கெடாமற்காக்கும் திரவம் கலந்து, அது கார்புரேட்டர்வரை சென்று சேரச் சில நிமிடங்கள் ஓடவிடுவது மற்றொன்று. எது தக்கது என்பதை அக்கருவியோடு வந்த கையேடு கூறும், அதையே பின்பற்றவேண்டும்.

எஞ்சின் வகையையும் கவனிக்கவேண்டும். டூ ஸ்ட்ரோக் வகையில் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்றுவர். அதன் அளவு தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தினின்று மாறலாகாது. ஃபோர் ஸ்ட்ரோக் வகையில் எண்ணெய் தனியே இருக்கும். பருவ முடிவில், எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றவேண்டும். பழைய எண்ணெயில் சேர்ந்த கசடும் அமிலமும் ஆறு மாதம் உள்ளேயே கிடந்தால் உலோகத்தைத் தின்றுவிடும்.

எஞ்சின் ஆறியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கயிற்றை மெல்ல நாலைந்து முறை இழுத்தால், உள்ளே எண்ணெய்ப் படலம் படர்ந்து துருவைத் தடுக்கும். பிறகு பிளக்கை மாட்டி, திருகுகள் தளர்ந்துள்ளனவா எனப் பார்த்து, எஞ்சின் மேற்புறமாக இருக்கும்படி சுவரில் நிமிர்த்தி மாட்டுகிறார்கள். ஃபோர் ஸ்ட்ரோக் துளைப்பானைக் கண்டபடி படுக்கவைத்தால் எண்ணெய் காற்று வடிகட்டிக்குள் புகுந்துவிடும். இறுக்கமான பிளாஸ்டிக் உறையால் மூடுவதும் தவறு. ஈரம் உள்ளேயே தங்கிவிடும். காற்றோட்டமுள்ள துணியே போதும். சுண்டெலிகள் எஞ்சின் மூடிக்குள் கூடு கட்டுவதுண்டு. இடையிடையே திறந்து பார்ப்பது நலம்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்லவேண்டும். பெட்ரோல் உள்ள கருவியையோ கலனையோ வீட்டுக்குள் வைக்கலாகாது. வெந்நீர்க் கொதிகலனின் சிறு சுடர், எங்கிருந்தோ பரவி வந்த ஆவியைப் பற்றவைக்கப் போதும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் ஒரு கருவியைப் பாதுகாப்பது என்பது அக்கருவியிடமிருந்து குழந்தைகளைப் பாதுகாப்பதுமாகும்.

முதற்பனியின் சோதனை

நவம்பரில், ஏரி உறையுமுன்பே, புதிய பெட்ரோல் ஊற்றி, பிளக்கைச் சோதித்து, முற்றத்தில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்வழக்கம். கொட்டகைக் கதவை மூடிக்கொண்டு ஓட்டக்கூடாது. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. தலைவலி என்று எண்ணிச் சற்றே சாய்ந்தவரை எழவிடாமல் செய்துவிடும். பனிமேல் அடைத்த குடிலுக்குள்ளும் இவ்வாபத்து உண்டு. எனவே துளையை முன்னதாகவே இட்டுவிட்டு, எஞ்சினை வெளியே வைப்பதே தக்கது.

டிசம்பரில் முதற்பனி படியும்போது ஆவல் மிகும். அப்போதுதான் ஆபத்தும் மிகும். நடந்து செல்ல, புதிதாக உறைந்த தெளிந்த பனி குறைந்தது 4 அங்குலம் இருக்கவேண்டும் என்பது மாநில இயற்கை வளத்துறையின் அறிவுரை. ஓரிடத்தில் 4 அங்குலம் இருப்பதால் நூறு அடி தள்ளியும் அவ்வாறே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே அனுபவமுள்ளோர், கனமான உளிக்கம்பியால் முன்னே தட்டிக்கொண்டும், இடையிடையே துளையிட்டுப் பனியின் கனத்தை அளந்துகொண்டும் அடியெடுத்து வைக்கின்றனர். இவ்வேளையில் எஞ்சின் கிளம்பவில்லை என்றால் என்ன நேரும்? கயிற்றை இழுத்து இழுத்துச் சலித்தவர், “அளந்தது போதும், அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்களே” என்று எண்ணி நடக்கத் துணிவார். மார்ச்சில் சோம்பியதற்கு டிசம்பரில் கொடுக்க நேரும் விலை, சில வேளை பழுதுபார்க்கும் கூலியோடு நின்றுவிடுவதில்லை.

பருவத்தினூடேயும் கவனம் தேவை. துளையிட்டு முடித்ததும் அலகில் ஒட்டிய ஈரம் நொடியில் உறைந்துவிடும். பனி படிந்த அலகு அடுத்த துளையில் வழுக்கும். அதைத் துடைக்கவேண்டுமேயன்றித் தரையில் மோதி உதிர்க்கலாகாது. ஆழமற்ற கரையோரத்தில் அலகு அடிமணலைத் தொட்டால் அக்கணமே கூர்மை போய்விடும். மாற்றும்போது இரண்டு அலகுகளையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

அண்மை ஆண்டுகளில் மின்கலத்தால் இயங்கும் துளைப்பான்கள் பெருகிவிட்டன. புகையில்லை, கார்புரேட்டர் இல்லை. ஆயினும் அவற்றின் மின்கலத்தையும் பாதியளவு மின்னேற்றி, மிதமான வெப்பமுள்ள இடத்தில் வைத்தால்தான் நெடுநாள் உழைக்கும். கருவி மாறலாம், கடமை மாறுவதில்லை.

ஏப்ரல் பிற்பகுதியில் மில் லாக்ஸின் பனி உடைந்து, ஏரி மீண்டும் அலையடிக்கும். கரையோர வீடுகளின் சுவரில் துடைத்து எண்ணெயிட்ட துளைப்பான் அமைதியாகத் தொங்கும். அதை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால், தேவை முடிந்த நாளிலேயே அடுத்த தேவைக்கு ஆயத்தம் செய்துவிட்டவர், டிசம்பரில் ஏரிக்கரையில் நின்று கயிற்றை இழுக்கும்போது, எஞ்சின் ஓரிரு இழுப்பிலேயே பதில் சொல்லும். அவரும் அளந்து பார்த்தபின்பே அடியெடுத்து வைப்பார்.