உத்தரமேரூருக்கு ஒரு நாள்

தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் குடியிருக்கும் தம்பதிகளுக்கு ஒரு யோசனை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்கு விடுமுறை கொடுத்துவிட்டு, உங்கள் வீட்டு எஜமானி அம்மாளையும் அழைத்துக்கொண்டு உத்தரமேரூருக்குப் புறப்படுங்கள். ஊட்டியும் கொடைக்கானலும் எங்கேயும் ஓடிப் போய்விடமாட்டா!

முதலில் ரயிலேறிக் காஞ்சிபுரம் போய்விடுங்கள். பட்டுக் கடைகள் திறப்பதற்கு முன்னால் போய்ச் சேர்வது பர்ஸுக்கு நல்லது. காலைப் பலகாரத்துக்குக் காஞ்சிபுரம் இட்லி. மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் எல்லாம் சேர்த்த கொரகொரப்பான மாவை ஊற்றி, வெகு நேரம் ஆவியில் வேகவைப்பார்கள். வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியமாகும் இட்லி இது. "நம் வீட்டுத் தட்டிலே இந்தப் பதம் வருமோ?" என்று அம்மாள் ஆராய்ச்சியில் இறங்குவார். நீங்கள் வாய் திறக்காமல் சாப்பிடுவதே உத்தமம்.

பிறகு தெற்கே பஸ் பிரயாணம். பாலாற்றைத் தாண்டினால் வயல்களும் ஏரிகளும் கண்ணுக்குக் குளிர்ச்சி. உத்தரமேரூரில் சுந்தரவரதப் பெருமாள் மூன்று நிலைகளிலே நின்றும் அமர்ந்தும் சயனித்தும் சேவை சாதிக்கிறார். தரிசனம் முடிந்ததும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வாருங்கள். சிறிய கோயில்தான். ஆனால் அதன் கல்லில் ஒரு தேர்தல் சட்டமே இருக்கிறது!

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். 921-ம் வருஷத்து விதிப்படி வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்கவேண்டும். சொந்த மனையும் வரி கட்டும் நிலமும் வேண்டும். வேதக் கல்வியும் வேண்டும். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருக்குக் குடத்தில் இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை!

"பெண்கள் பெயர் அந்தக் குடத்திலே உண்டா?" என்று அம்மாள் கேட்பார். இல்லை. காணி நிலமில்லாத உழவர் பெயரும் இல்லை. அந்த விஷயத்தில் நாம் பராந்தகன் காலத்தைத் தாண்டி வந்துவிட்டோம். 2021-ல் மாநகராட்சியான தாம்பரத்துக்கு 2022-ல் முதல் மேயராக வந்தவர் ஒரு பெண்மணி.

ஆனால் மற்றொரு விஷயம் இருக்கிறது. ஏரியைப் பராமரிப்பதற்கென்றே அந்தச் சபையில் 6 பேர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. கல்வெட்டுகள் வைரமேகத் தடாகம் என்று குறிப்பிடும் பெரிய ஏரி இன்றும் அங்கே இருக்கிறது. கரையில் சற்று நின்று பார்த்துவிட்டு, செங்கல்பட்டு வழியாக ரயிலில் திரும்புங்கள்.

வண்டி பெருங்களத்தூரை நெருங்கும்போது, 2015 டிசம்பர் நினைவுக்கு வராமலிராது. அடையாறு கரை புரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. தெருக்களிலே படகு போயிற்று. சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், பீர்க்கன்காரணை என்று நம் பக்கத்திலும் ஏரிகளுக்குக் குறைவில்லை. குறைந்தது, அவற்றுக்குக் கணக்குக் கேட்கும் வழக்கம்தான்.

ஆகவே ஊர் திரும்பியதும், உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்த்து, "நம் ஏரிக்குக் கணக்கு எங்கே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கோபித்துக்கொண்டால், உத்தரமேரூருக்கு ஒரு டிக்கெட் வாங்கிக் கொடுங்கள். வழியில் இட்லியும் கிடைக்கும் என்று சொல்லுங்கள்!